காதுக்குள் குடியிருந்த சுருதி

என் இடது காதில் ஒரு சத்தம் குடியிருக்கிறது. காலி பண்ணச் சொன்னாலும் பண்ணாது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு ‘கீ’ வருமே, அது அப்படியே நின்றுபோனால் எப்படி இருக்கும், அதுதான். காலையில் எனக்கு முன்னாலேயே முழித்துக்கொள்ளும். பல் விளக்கும்போது, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, சட்டைப் பித்தான் போடும்போது, இருந்துகொண்டே இருக்கும்.

பத்தொன்பது வருஷமாக ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் ஃபிட்டர் வேலை. மெஷின்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம், மிச்சத்தைக் கையால் சொல்லிக்கொள்வோம். வேலை முடிந்து வெளியே வந்தால் அந்தப் பழக்கம் விடாது. டீக்கடையில் பக்கத்தில் இருப்பவனிடம் சர்க்கரை கம்மியாக என்று சொல்வதற்கே ஊரைக் கூட்டுவோம். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். வைத்தேனா? சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான், எனக்கு எதற்கு அடைப்பான் என்று சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தேன். திமிர்தான், வேறென்ன?

அந்தச் சத்தம் வந்த நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அமைதியான இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். கரண்டு போய் மின்விசிறி நின்றால் எழுந்து ஆடும். மாதா கோவில் பூசையில் எல்லாரும் தலை குனிந்து மௌனமாக இருக்கும்போது என் காதுக்குள் மட்டும் கத்தும். நான் எழுந்து வெளியே போவேன். செருப்பைப் போடுவேன், கழற்றுவேன். வண்டியைத் துடைப்பேன், துடைத்த வண்டியையே மறுபடியும் துடைப்பேன்.

“செத்த நேரம் ஒரு எடத்துல ஒக்காருங்களேன். ஒங்களப் பாத்தா எனக்குக் கண்ணக் கட்டுது,” என்பாள் என் மனைவி. அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் சொன்னால் ஒரு வகுப்பே உட்காரும், நான் உட்கார மாட்டேன்.

அவளிடமும் சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் போ என்பாள். போனால் காது போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிடுவார். அவர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவில் மைதானத்திலிருந்து ஆள் வந்தது. பங்கு பேண்டு செட்டின் பெரிய டிரம்மில் நட்டு கழன்றுவிட்டதாம், ஃபிட்டர் வந்து பார்க்க வேண்டுமாம். போய் டிரம்மைத் தரையில் படுக்கவைத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி ட்ரம்பெட்காரர்கள். நான் முடிக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை, அவர்கள் பாட்டுக்கு ஊத ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு ட்ரம்பெட்டும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே. அப்போதுதான் கவனித்தேன், சத்தம் இல்லை. காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது வாயை மூடிவிட்டது. அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் நான் என் தலைக்குள் தனியாக இருந்தேன். எத்தனை வருஷம் ஆச்சுப்பா! நட்டை முறுக்கிக்கொண்டே அழுதேன். பார்த்தவர்கள் வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

மறுவாரமே புதிதாகச் சேர்பவர்கள் பட்டியலில் என் பெயர் இருந்தது. நாற்பத்தைந்து வயதில் எதற்கு இந்த வேலை என்று மனைவி கேட்டாள். பொழுதுபோகலை என்றேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் எனக்கு நிம்மதி வேண்டும், அது அங்கேதான் கிடைக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயது இருக்கும். வயசு வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்கும் பளபளவென்று ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அதைத் துணியில் சுற்றிப் பெஞ்சு மேலே வைக்கச் சொல்லிவிட்டார்.

“ஊதறத அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே. மொதல்ல காதத் தொறங்க.”

அவர் சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சுரம் வந்துவிடும். ட்ரம்பெட்டில் அப்படி இல்லை. மூன்றே பொத்தான்தான். ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு நாலைந்து சுரம் ஊதலாம். எது வரும் என்பது உதட்டின் இறுக்கத்தைப் பொறுத்தது. எவ்வளவு இறுக்குவது என்று உதட்டுக்குச் சொல்ல வேண்டியது காது. வேண்டிய சுரம் ஊதுவதற்கு முன்னாலேயே காதுக்குள் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்கு வந்தது வரும்.

அதற்கு அவர் ஒரு பயிற்சி வைத்திருந்தார். ‘சுருதி தூக்குறது’ என்று அதற்குப் பெயர். மாஸ்டர் தன் ட்ரம்பெட்டில் ஒரே ஒரு சுரம் ஊதுவார். எல்லாரும் சுருதி சேர்க்கிற அந்த முதல் சுரம். நாங்கள் அதை வாய்க்குள் முனகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டோரம் இருக்கும் டீக்கடைவரை போய், ஒரு டீயைக் குடித்துவிட்டு, திரும்பி வந்து அதே சுரத்தைப் பாட வேண்டும். மாஸ்டர் ட்ரம்பெட்டில் ஊதிச் சரிபார்ப்பார். வழியில் தொலைத்தவர்கள் வகுப்பு முடிந்ததும் பெரிய டிரம்மைத் தூக்கிக்கொண்டுபோய் அறையில் வைக்க வேண்டும்.

கேட்பதற்கு லேசாகத்தான் தெரியும். ரோட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் கரண்டியைப் போட்டு ஆட்டுவார், அது ஒரு சுரம். ஆட்டோ, மினி பஸ், மீன் வண்டியின் ஒலிபெருக்கி. எல்லாவற்றுக்கும் மேலே குஜிலியம்பாறை பஸ். அது வளைவில் திரும்பும்போது ஏழெட்டுச் சுரத்தில் ஹாரன் அடிக்கும். அதோடு எங்கள் ஆட்களின் சுருதி எல்லாம் பஸ் ஏறிப் போய்விடும்.

எப்போதும் எனக்கு இடது பக்கத்தில் நிற்பவன் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. சின்னாளப்பட்டியில் சேலைக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. முதல் நாள் அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு, சுருதி சிந்திவிடும் என்கிற மாதிரி நடந்துவந்து வாயைத் திறந்தான். குஜிலியம்பாறை பஸ் ஹாரன் வந்தது. மாஸ்டரே சிரித்துவிட்டார்.

என் முறை வந்தது. நான் போகும் வழியிலேயே சுருதியைத் தொலைத்திருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது காதுக்குள் வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். மாஸ்டர் கொடுத்த சுரமும் இதுவும் ஒன்றுதானே! இது எங்கேயோ உச்சியில் இருக்கிறது, அது கீழே இருக்கிறது, அவ்வளவுதான். உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கி வந்து பாடினேன். மாஸ்டர் ஊதினார். மயிரிழைகூட விலகவில்லை.

“அண்ணே!” என்றார். “திரும்பப் போய்ட்டு வாங்க.”

போய்விட்டு வந்தேன். அதே சுரம். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரம் குஜிலியம்பாறை பஸ் என் முழங்கையை உரசிக்கொண்டு போய் ஹாரன் அடித்தது. அடிக்கட்டுமே, என்னுடையதை யார் எடுக்க முடியும்?

“ஏலே, ஒனக்குப் பாம்புச் செவிதான்டா,” என்றான் சேக்காளி. டிரம்மின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே சொன்னான். “எப்புடிடா அம்புட்டுத் தொலவு போயும் கீழ போடாம கொண்டாற?”

“அதெல்லாம் பழக்கம் மாப்ள,” என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன். நோயைக் காட்டி மெடல் வாங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை வருஷம் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு வேலைக்காவது ஆகிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது. பெரிய டிரம்மை நான் ஒரு நாளும் தூக்கியதில்லை.

நாலைந்து மாதத்தில் ட்ரம்பெட் கைக்கு வந்து, வரிசையில் முதல் ஆளாக நின்றேன். மாஸ்டர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் என்னிடமிருந்துதான் சுருதி வாங்கிக்கொள்வார்கள். மே மாதம் கோவில் கொடியேற்றம். அன்றைய கொடி பவனிக்கும் நான்தான் சுருதி கொடுக்கிறேன் என்று முடிவானது. காதில் கோளாறு என்று தெரிந்தால் முதல் இடம் போகும், அதுகூடப் பரவாயில்லை. வெளியே அனுப்பிவிட்டால் என் ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொரு பயிற்சியும் இருந்தது. அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு பேர் ஒரே சுரத்தை நீளமாக ஊத வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தாலும் நடுவில் ஒரு நடுக்கம் கேட்கும். ‘வௌ வௌ வௌ’ என்று அடிக்கும். பக்கத்தில் வர வர நடுக்கம் மெதுவாகும். சரியாகச் சேர்ந்துவிட்டால் நின்றுவிடும். யார் நகர்வது என்று சட்டம் கிடையாது, இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு நகர வேண்டும். நானும் சேக்காளியும் ஊதினால் அந்த நடுக்கம் நிற்கவே நிற்காது.

“அண்ணே, நீங்க அவரக் கேக்கவே மாட்டேங்கிறீங்க,” என்றார் மாஸ்டர்.

“நான் சரியாத்தான் நிக்கிறேன். அவன் வரட்டும்.”

“சரியா நிக்கிறீங்கதான். ஆனா அவரு ஊதறது ஒங்களுக்குக் கேக்குற மாதிரியே தெரியல. ஒங்களுக்குள்ள வேற எதையோ கேக்குறீங்க.”

எனக்குப் பகீரென்றது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். “சரியா ஊதுறவனத் திட்டுங்க, தப்பா ஊதுறவன விட்ருங்க!” என்று மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு, ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்து மூடி வண்டியை எடுத்தேன். பாதி வழியில் சாவி இருக்கிறதா என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். சாவி வண்டியில்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி வரிசையில் போய் நின்றேன்.

வீட்டில் என்னைப் பிடித்தவள் மனைவி. ஒரு நாள் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடது பக்கமாக வந்து நின்று ஏதோ சொன்னாள். “சரி, அப்படியே ஒரு டம்ளர் தண்ணி கொண்டா,” என்றேன். முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கம்மா வீட்டுக்கே போறேன், இனி வர மாட்டேன்னு சொன்னேன். தண்ணி கேக்குறீங்க.”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். வெளியே இருந்த பெண் கதவைத் திறந்து, “சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல,” என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி சிரிக்கவில்லை. வாயில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது காது பெரும்பாலும் போய்விட்டது, வலது காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மில்லில் அடைப்பான் கட்டாயம். ட்ரம்பெட்டை விட்டுவிட்டால் நல்லது, விட முடியாவிட்டால் அங்கேயும் அடைப்பான். வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: “ஒங்க மாஸ்டருக்கு இது தெரியுமா?”

“சொல்றேன். திருவிழா முடியட்டும்.”

“எத்தன வருசமா இந்தச் சத்தம்?”

சொன்னேன். அவள் வண்டியில் ஏறி என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பவனி அன்று அடைப்பானை அவளே என் சட்டைப் பையில் போட்டு அனுப்பினாள். அது பையிலேயே இருந்தது.

மே மாத வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்குக் கோவில் நிழலில் நின்று சுருதி சேர்த்தோம். நான் ஊதினேன், எல்லாரும் என்னோடு சேர்ந்தார்கள். கொடி முன்னால் போக, நாங்கள் பின்னால் கிளம்பினோம். வெயிலில் பித்தளை சூடேறினால் சுருதியும் ஏறும் என்று மாஸ்டர் முதல் மாதமே சொல்லியிருந்தார். ‘வெயில்ல எல்லாரும் சேந்து ஏறுவோம். யாரும் தனியா நிக்கக் கூடாது’ என்றும் சொல்லியிருந்தார். ஆனால் காதுக்குள் இருப்பதற்கு வெயிலும் கிடையாது, மழையும் கிடையாதே. அது இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் தெரு முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்ததும் அது திரும்பக் கத்த, என் ட்ரம்பெட் அதைவிட ஏறிவிட்டதை உணர்ந்தேன். உடனே ட்ரம்பெட்டின் சுருதிக் குழாயை வெளியே இழுத்து, சுருதியை இறக்கிக்கொண்டேன். இரண்டாவது தெருவில் இன்னும் கொஞ்சம் இழுத்தேன். நான் சரியாக இருந்தேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மூன்றாவது தெருவில், மெத்தை வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருந்த மாஸ்டர் என்னைப் பார்த்து உள்ளங்கையால் மேலே மேலே என்று காட்டினார். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள், என்னைச் சத்தமாக ஊதி அவர்களை இழுத்துக்கொண்டு வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை வாங்கி ஊதினேன். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் ஒரு இடைவெளி. சேக்காளி என் தோளைப் பிடித்துத் திருப்பினான். இடது பக்கம் நின்றிருந்ததால் அவன் சொன்னது கேட்கவில்லை. மில்லில் பார்க்கிற மாதிரி அவன் உதட்டைப் பார்த்தேன். “மாப்ள, நீதான்,” என்றது உதடு.

நானா?

மாஸ்டர் ஓடிவந்தார். “அண்ணே, என்ன ஆச்சு? எல்லாரும் மேல இருக்கோம். நீங்க மட்டும் கீழ நிக்கிறீங்க, கேக்கலையா?”

அந்தக் கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். மில்லுக்காரன் தொண்டை, மெதுவாக வராது. வாத்தியமெல்லாம் ஓய்ந்திருந்த தெருவில் என் குரல் மட்டும் கிளம்பியது.

“கேக்கல மாஸ்டர்! எடது காது எனக்குக் கேக்காது! உள்ள ஒண்ணு கத்திக்கிட்டே கெடக்கு! அது சொன்னதத்தான் இம்புட்டு நாளும் பாடினேன்! எனக்குப் பாம்புச் செவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!”

கொடி பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பெண்கள் வரிசையில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த ட்ரம்பெட்டை அங்கேயே ரோட்டில் வைத்துவிட்டு நடந்துவிடலாம் போல இருந்தது. கால்கள் தயாராகத்தான் இருந்தன, ஓடுவது அவற்றுக்குப் பழக்கம்தானே.

மாஸ்டர் சேக்காளியின் கையைப் பிடித்து இழுத்து, எனக்கு வலது பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“இவருகிட்ட வாங்கிக்கங்க,” என்றார்.

“இவன்கிட்டயா? இவன் குஜிலியம்பாறை பஸ்ஸுல்ல!”

“இருக்கட்டும். அவரு எங்க நிக்கிறாரோ அங்க போங்க.”

சேக்காளி நீளமாக ஊதினான். நானும் ஊதினேன். நடுவில் அந்த நடுக்கம் வேகவேகமாக அடித்தது. அவ்வளவு தெளிவாக அதை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. குழாயை உள்ளே தள்ளினேன். நடுக்கம் மெதுவானது. இன்னும் கொஞ்சம். உள்ளே இருப்பது தப்பு தப்பு என்று கத்தியது. போடா என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் தள்ளினேன். நடுக்கம் நின்றது. மிச்சத் தெருக்களை அவன் தோளோடு தோளாக நடந்து முடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ட்ரம்பெட்டைத் துடைத்து, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுக்கத்தான். சொல்லப்போகிற வார்த்தைகளை வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மாஸ்டர் என்னைப் பேசவிடவில்லை.

“அடைப்பான் கொண்டாந்தீங்களா?”

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

“பையில வைக்கவா கொடுத்தாங்க? ஊதறப்ப காதுல இருக்கணும். இல்லன்னா ஒங்க வீட்ல சொல்லிருவேன்.” ட்ரம்பெட்டை எடுத்து ஒரு சுரம் ஊதினார். எப்போதும் கொடுக்கிற சுரம் இல்லை. புதுசு. உள்ளே இருப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “இனிமே ரெண்டு ரெண்டு பேரா போங்க. நீங்களும் அவரும் ஒரு ஜோடி. போய்ட்டு வாங்கண்ணே.”

போய்ட்டு வாங்க என்றார். வராதே என்று சொல்லவில்லை. என் கண் கலங்கியதை மறைக்க வேகமாக நடந்தேன். சேக்காளி பின்னாலேயே ஓடிவந்து என் வலது பக்கமாகச் சேர்ந்துகொண்டான். டீக்கடையில் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியபடி டீ குடித்தோம். குஜிலியம்பாறை பஸ் வளைவில் திரும்பியது. ஹாரன் அடித்தது. என் சுருதி போனது. அவன் முகத்தைப் பார்த்தேன், அவனுடையதும் போயிருந்தது.

திரும்பி வந்து பாடினோம். மாஸ்டர் ஊதிப் பார்த்தார். அவர் கொடுத்த சுரம் எங்கேயோ இருந்தது, நாங்கள் எங்கேயோ இருந்தோம். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தோம், நடுவில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

“தோத்துட்டீங்க,” என்றார் மாஸ்டர் சிரித்துக்கொண்டே. “டிரம்மத் தூக்குங்க.”

நான் நட்டு முறுக்கிய டிரம்தான், ஆனால் தூக்குவது இதுதான் முதல் தடவை. இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அவன் முன்பக்கம், நான் பின்பக்கம். டிரம் மறைத்ததால் எனக்குத் தரை தெரியவில்லை.

“வாசப்படி வருது, பாத்து வா மாப்ள,” என்றான் அவன் தாழ்ந்த குரலில். கேட்டது. காலைத் தூக்கி வைத்தேன்.